முழு ரத்தமும் வேணுமாம்

ரத்தம் கேட்டு போன் பண்ணுகிறவளின் குரலைக் கேட்டதும் மனுஷர்களுக்கு எங்கிருந்துதான் சளி பிடிக்குமோ, மலையில் பாதிப் பேர் அந்த நிமிஷத்தில்தான் இரும ஆரம்பிக்கிறார்கள்.

நான் பார்க்கிற வேலை அது. கொடைக்கானலுக்கு ஏறுகிற பாதையில் ஒரு ஆஸ்பத்திரி. அதில் ரத்த வங்கி வாசலில் ஒரு மேஜை, ஒரு போன், அப்புறம் நான். பெயர் ஜெசிந்தா, வயசு பதினெட்டு. ப்ளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் கிடந்து எல்லார் குரலிலும் பேசிக்கொண்டிருந்தேன். பங்குச் சாமியாரின் பிரசங்கம், வத்தலக்குண்டு பஸ் கண்டக்டர், பக்கத்து வீட்டு மிக்ஸி எதையும் விடவில்லை. ஒருநாள் எங்கள் அம்மா குரலில் அப்பாவிடம் மீன் வாங்கி வரச் சொன்னேன். அவர் வாங்கி வந்தார். அம்மாவும் வாங்கி வந்தார். மறுநாளே அப்பா என்னை இந்த மேஜையில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்.

உங்களைச் சிரிக்க வைக்கிறேன், சத்தியம். நல்ல சிரிப்பு ஒன்று கையில் இருக்கிறது. ஆனால் இப்போது தரமாட்டேன். "லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போடுகிறார்களே, அப்படிக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கப்போகிறேன். ரிசப்ஷனிலும் கஸ்டமர் கேரிலும் உட்கார்ந்து தொண்டை வற்றுகிற என் இனத்து ஆட்களுக்கு இது புதுசில்லை. மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள்.

முழுசா, பாதியா

சேர்ந்த அன்றைக்கு டெக்னீஷியன் செல்வராணி அக்கா எனக்குப் பாடம் எடுத்தார். பெரிய ஊர்களில் ரத்தத்தை மெஷினில் போட்டுச் சுற்றி சிவப்பணு ஒரு பை, பிளாஸ்மா ஒரு பை, பிளேட்லெட் ஒரு பை என்று பிரித்துவிடுவார்கள். எங்களிடம் அந்த மெஷின் கிடையாது. எடுத்தது எடுத்தபடியே பையில் இருக்கும். அதற்குப் பெயர் முழு ரத்தம். ஜீப் கவிழ்ந்தோ மரம் விழுந்தோ ரத்தம் கொட்டக் கொட்ட வருகிறவர்களுக்கு அதுதான் தோது என்பார் எங்கள் டாக்டர். கொட்டினதும் எல்லாம் சேர்ந்துதானே கொட்டியது, ஏறுவதும் சேர்ந்தே ஏறட்டும் என்பது அவர் கட்சி. அக்கா இன்னும் சுலபமாகச் சொன்னார். "பிரிச்சுக் குடுக்குறது இலைச் சாப்பாடுடி, சோறு தனி, ரசம் தனி. நம்மது சாம்பார் சாதப் பொட்டலம். அவசரத்துக்கு எது உதவும், சொல்லு."

புரிந்துவிட்டது என்ற தைரியத்தில் முதல் போனைப் போட்டேன். எடுத்தவர் ஒரு லாட்ஜில் சமையல்காரர். பின்னால் எண்ணெய் பொரிகிற சத்தம். "சார், இங்க ஒருத்தருக்கு நெறைய ரத்தம் போயிருச்சு. உங்க முழு ரத்தம் வேணும். வெரசா வாங்க" என்றேன்.

அவர் அடுப்பை அணைத்தார் என்று நினைக்கிறேன். பொரிகிற சத்தம் நின்றது. "முழுசும் வேணுமாம்மா?" என்று கேட்டார். "ஆமா சார். பிரிச்சு எடுத்தா பத்தாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு" என்று நான் அடித்துச் சொன்னேன். மறுமுனையில் அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. ரொம்ப மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "சீசன் நேரம், சோலி தலைக்கு மேல கெடக்கு. பாதிய விட்டுவச்சீங்கன்னா, அத வச்சு இந்த மே மாசத்த மட்டும் ஓட்டிக்கிருவேன்மா."

ஓட்டை

அதற்கப்புறம் "ஒரு பை" என்ற வார்த்தையைச் சேர்த்துக்கொள்ளும்படி அக்கா சொன்னார். கொடைக்கானல் டவுன் ஆட்களிடம் இங்கிலீஷில் பேசினால் வம்பே வராது என்று நானாக ஒரு யோசனை பண்ணினேன். ஒரு ஸ்கூல் மெஸ்ஸில் வேலை பார்க்கும் சூப்பர்வைசருக்கு போன் போட்டு, கான்வென்ட் சிஸ்டர் குரலில் "ஒன் பேக் ஹோல் பிளட் ப்ளீஸ்" என்று மூக்கால் பாடினேன். அவர் யோசித்தார். யோசிக்கிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. கடைசியில் தமிழுக்கே இறங்கி வந்தார். "ஹோல் எல்லாம் எதுக்கு சிஸ்டர், வழக்கம்போல ஊசியிலேயே எடுத்துக்கக் கூடாதா?"

டாக்டர் பேசுறேன்

சிக்கல் வார்த்தையில் இல்லை, குரலில் என்று முடிவுக்கு வந்தேன். என் சொந்தக் குரல் மூணாம் கிளாஸ் பிள்ளையுடையது மாதிரி இருக்கும். உயிர் போகிற காரியத்தைச் சொல்லிக்கொண்டிருப்பேன், எதிர்முனையில் "பாப்பா, போன அம்மாகிட்டக் குடு" என்பார்கள். ஆகவே டாக்டரின் குரலை எடுத்துக்கொண்டேன். அவருக்குத் தொண்டையில் சரளைக்கல் உருளும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு "புரியுதா" வரும். அந்தக் குரலில் பேசினால் யாருக்கும் சளி பிடிப்பதில்லை. எல்லாரும் "இந்தா கெளம்பிட்டேன் சார்" என்றார்கள். நாலைந்து நாள் நான் சீப் சர்ஜனாகவே இருந்தேன்.

ஒருநாள் பி பாசிட்டிவ் வேண்டியிருந்தது. பி பாசிட்டிவ் நம்பர்களை மேலிருந்து கீழாக, பெயரைப் பார்க்காமல் அடித்துக்கொண்டே வந்தேன். ஒருவர் எடுத்தார். "வணக்கம். டாக்டர் பேசுறேன். ஒரு பை முழு ரத்தம் தேவைப்படுது. ஒடனே ஆஸ்பத்திரிக்கு வரணும். புரியுதா?"

எதிர்முனையிலும் சரளைக்கல் உருண்டது. எங்கள் டாக்டரும் பி பாசிட்டிவ், அவரும் ரத்தம் கொடுக்கிறவர், அவர் நம்பரும் அந்த வரிசையில் இருக்கிறது என்பதெல்லாம் எனக்கு அந்தச் சத்தத்தில்தான் உறைத்தது. நர்ஸ் யாரோ போனை அவர் காதில் பிடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். நிதானமாகப் பேசினார். "புரியுது டாக்டர். ஆனா இங்க ஆபரேஷன் தியேட்டர்ல உங்க சட்டையப் போட்டுக்கிட்டு ஒருத்தன் கையில கத்தியோட நிக்கிறான், அவன என்ன பண்ணலாம்னு சொல்லுங்க."

இட்டிலி

இனிமேல் ஆஸ்பத்திரி நம்பரில் இருந்து என் குரலைத் தவிர வேறு குரல் வரக்கூடாது என்று உத்தரவு. சரி என்று நல்ல பிள்ளையாகிவிட்டேன். நான் நல்ல பிள்ளையாக இருந்த அந்த நாட்களில்தான் பழனிக்குப் பாதயாத்திரை போய் மொட்டை போட்டுவிட்டுத் திரும்பிய ஒருவர், தலையில் சந்தனத்தோடும், பையில் ஆயக்குடி கொய்யாவோடும் வந்து நின்றார். நான் கூப்பிடவே இல்லை. "முருகனுக்குக் குடுத்தாச்சு, மிச்சத்த இங்க குடுத்துட்டுப் போறேன்" என்றார்.

காலையில் இருந்து பச்சைத்தண்ணிகூடக் குடிக்கவில்லையாம். வெறும் வயிற்றோடு எடுக்க முடியாது, சாப்பிட்டு வாருங்கள் என்று அக்கா கேன்டீனுக்கு அனுப்பினார். போனார், வந்தார். "ரெண்டு இட்டிலி பத்தாது" என்று அக்கா மறுபடியும் அனுப்பினார். அவருக்கு வருத்தம். என்னிடம் நியாயம் கேட்டார். "முடியும் வளரும், ரத்தமும் ஊறும், முருகனே கேள்வி கேக்காம வாங்கிக்கிட்டான். நடுவுல இந்த இட்டிலி எதுக்கும்மா?"

இதுவும் நான் சொன்ன அந்தச் சிரிப்பு இல்லை. அதற்கு முன்னால் சிரிப்பே வராத ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

தாண்டிக்குடி ஜீப்

மழை பெய்த ஒரு மத்தியானம். தாண்டிக்குடியில் இருந்து காப்பிக்கொட்டை மூட்டை ஏற்றி வந்த ஜீப் ஒரு வளைவில் கவிழ்ந்து, ஓட்டி வந்த பையனைக் கொண்டுவந்தார்கள். பெயர் பாண்டி. என்னைவிட இரண்டு மூன்று வயசு கூட இருக்கும். தொடையில் பெரிய ரத்தக்குழாய் அறுந்துவிட்டது. கூட வந்த சுமைக்காரர் தன் துண்டை அதன்மேல் இறுக்கிக் கட்டி, வழி முழுக்கக் கையை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே வந்திருந்தார். ஸ்ட்ரெச்சரில் ஏற்றிய பிறகும் அவருக்கு விரல்களை விரிக்க முடியவில்லை.

குழாயைக் கட்டிவிட்டு மதுரைக்கு அனுப்பவேண்டும், ஆனால் கட்டுகிற வரைக்கும் பையன் தாங்கவேண்டும் என்றார் டாக்டர். அவன் ஓ நெகட்டிவ். மலையில் அந்த குரூப் அபூர்வம். பிரிட்ஜில் இருந்த இரண்டு பைகளில் ஒன்று அப்போதே ஏறிக்கொண்டிருந்தது. வத்தலக்குண்டில் இரண்டு காலேஜ் பையன்கள் கேட்டவுடன் பஸ் ஏறிவிட்டார்கள், நல்ல பிள்ளைகள். ஆனால் பஸ் மலை ஏறி வரவேண்டுமே.

கூப்பிடுகிற தூரத்தில் ஒரே ஒரு ஓ நெகட்டிவ் இருந்தார். பூண்டு வியாபாரி பரமசிவம். நான் இதற்கு முன்னால் எப்போது கூப்பிட்டாலும் அவருடைய சம்சாரம்தான் எடுப்பார். சாக்கைக் கிழிக்கிற மாதிரி ஒரு குரல். "அவரு லோடு ஏத்தப் போயிட்டாரு" என்று வைத்துவிடுவார். இந்த வேலையில் அப்படித்தான், ஊரில் எல்லார் குரலும் எனக்குத் தெரியும், ஒருத்தர் முகமும் தெரியாது. அன்றைக்கு அதிசயமாக அவரே எடுத்தார். நான் "ஆஸ்பத்திரியில இருந்து" என்றதும் இருமினார். ரொம்ப நேரம் இருமிவிட்டு வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. செல்வராணி அக்கா கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. "ரெண்டாவது பையும் மாட்டியாச்சு ஜெசி. எந்த சாமியக் கூப்புடுவியோ, எப்படிக் கூப்புடுவியோ எனக்குத் தெரியாது."

பக்கத்து வீட்டு நம்பர்

ஆஸ்பத்திரி நம்பரில் இருந்து வேறு குரல் வரக்கூடாது என்பதுதானே உத்தரவு. வாட்ச்மேன் அண்ணனிடம் அவர் போனை வாங்கிக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே போனேன். தொண்டையை இறுக்கி, சாக்கைக் கிழித்தேன்.

"என்னங்க, நாந்தான் பேசுறேன். என் போன்ல சார்ஜ் இல்ல, இது பக்கத்து வீட்டு நம்பரு. ஆஸ்பத்திரியில ஒரு பையன் உசுருக்குப் போராடிக்கிட்டுக் கெடக்கான். உங்க ரத்தந்தான் சேருமாம். போய்க் குடுத்துட்டு வாங்க. இருமல் கிருமல்னு சாக்குச் சொன்னீங்க, வீட்டுல சோறு கெடையாது."

"யாரு, சரசுவா?" என்றார்.

"பின்ன வேற யாருங்க?"

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டார். யாரிடமோ என்னவோ சொல்கிற மாதிரி இருந்தது. மேலே அந்த இரண்டாவது பை சொட்டுச் சொட்டாகத் தீர்ந்துகொண்டிருக்கும். அப்புறம் கையை எடுத்துவிட்டுப் பேசினார். அவ்வளவு பணிவான புருஷனை நான் கேட்டதே இல்லை. "நீ சொன்னா மறுக்க முடியுமா சரசு, இந்தா வண்டிய எடுத்துட்டேன்."

கோழிக் குழம்பு

சொன்னபடி வந்தார். ஆளுக்கு நல்ல பாரி உடம்பு. அவருக்குப் பின்னாலேயே கழுத்தில் மப்ளர் சுற்றிய ஒரு அம்மாவும் வந்து என் மேஜைக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். தொண்டையைத் தடவிக்கொண்டே இருந்தார். பாவம், இத்தனை களேபரத்தில் யார் இவருக்குத் தொண்டை பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சளி, காய்ச்சல், மஞ்சள் காமாலை என்று அக்கா எல்லாக் கேள்வியும் கேட்டார். "இருமல் இருக்கா?" என்றபோது பரமசிவம் என்னைப் பார்த்துக்கொண்டே, "அது போன்ல மட்டும் வரும். முழு மனசோடதான் வந்திருக்கேன், எடுங்க" என்றார். எடுத்தார்கள். எவ்வளவு அவசரமானாலும் டெஸ்ட் முடியாமல் அக்கா ஒரு சொட்டு வெளியே விடமாட்டார். அன்றைக்கு அவர் கை மட்டும்தான் ஓடியது, வாய் பேசவே இல்லை. எல்லாம் சரி என்றதும் பையை என்னிடம் கொடுத்து ஓடச் சொன்னார். அதில் இன்னும் மனுஷச் சூடு இருந்தது. தியேட்டர் கதவில் கொடுத்துவிட்டு வந்தேன். இனி நாங்கள் செய்ய ஒன்றும் இல்லை, காத்திருப்பதைத் தவிர.

பரமசிவம் கட்டிலில் சாய்ந்து ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார். "வீட்டுக்காரிக்கு ஒரு வார்த்த சொல்லிருவோம்" என்று தன் போனை எடுத்தார். "பக்கத்து வீட்டு நம்பர்ல இருந்துல்ல பேசுனா, அதுலயே அடிக்கிறேன்."

அடித்தார். என் சுடிதார் பையில் வாட்ச்மேன் அண்ணனின் பக்திப் பாட்டு ஒலித்தது.

"அவசர கால் சார்" என்று உளறிவிட்டு வெளியே ஓடினேன். மப்ளர் அம்மாவின் பெஞ்சுக்குப் பக்கத்தில்தான் ஒரு தூண் இருந்தது. அதற்குப் பின்னால் ஒதுங்கி, "சொல்லுங்க" என்று சாக்கைக் கிழித்தேன். அந்த அம்மா திடுக்கிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். காட்டிக் கொடுத்துவிடாதீர்கள் என்று உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். கண்கூட அடித்தேன். அவர் மப்ளரால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார். நல்ல மனுஷி என்று நினைத்தேன்.

"குடுத்துட்டேன் சரசு. தல லேசா சுத்துது."

"ஜூஸக் குடிச்சுட்டுப் படுங்க."

"ஞாயித்துக்கிழம கோழி அடிச்சுக் கொழம்பு வைக்கிறியா?"

"வைக்கிறேங்க."

"நாட்டுக்கோழி."

"நாட்டுக்கோழியே வைக்கிறேங்க."

"சாயங்காலம் சீட்டாடப் போனா இனிமே வைய மாட்டியே?"

"வைய மாட்டேங்க."

"உன் தம்பி வந்தா மாசக்கணக்குல தங்குறானே, அவன என்ன பண்ணுறது?"

எனக்கு அந்தத் தம்பியைத் தெரியாது. இருந்தாலும் ரத்தம் கொடுத்த மனுஷர் மனசு நோகக்கூடாது. "பஸ் ஏத்தி விட்ருவோங்க" என்றேன். பெஞ்சில் மப்ளர் அம்மாவின் தோள் குலுங்கியது. தொண்டை வலி அதிகமாகிவிட்டது போல.

அந்த நேரம் அக்கா தியேட்டர் பக்கமிருந்து வேகமாக வந்தார். "குழாயக் கட்டியாச்சுடி. எறங்குன பிரஷர் ஏறுது. பஸ்ஸுப் பையங்களும் வந்துட்டாங்க, அவங்கள்ட்டயும் எடுத்துக்கிட்டா மதுரை வரைக்கும் தாங்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

போன் காதில் இருப்பது மறந்துபோய், அந்தச் சாக்குக் குரலிலேயே, "இயேசுவே, ஸ்தோத்திரம்" என்றேன்.

"சரசு," என்றார் பரமசிவம், "நீ எப்பலேருந்து கோயில் மாறுன?"

வைத்துவிட்டேன். எது சொன்னாலும் ஒட்டாது. அவர் முழங்கையில் பஞ்சோடு வெளியே வந்தார். திட்டப்போகிறார், டாக்டரிடம் போகப்போகிறார் என்று நின்றேன். அவரோ பெஞ்சில் மப்ளர் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையில் இருந்த பிஸ்கட்டில் பாதியை ஒடித்து அவரிடம் நீட்டினார். அவரும் வாங்கிக்கொண்டார்.

"குரல் அச்சு அசல் பாப்பா, கொறையே சொல்ல முடியாது" என்றார். "ஆனா இவ என்னைய 'என்னங்க'ன்னு கூப்புட்டது எங்க கல்யாண வீடியோவுல மட்டுந்தான். அப்புறம் எல்லாம் 'யோவ்'தான். அதோட, நீ பேசும்போது இவ எனக்கு நேர் எதிர்ல உக்காந்து பூண்டு உரிச்சுக்கிட்டு இருந்தா. தொண்ட கட்டி ரெண்டு நாளாப் பேச்சே வரல. வீடு அவ்வளவு நிம்மதியா இருந்துச்சு."

"இவ" என்ற வார்த்தை என் மண்டைக்குள் மெதுவாக நடந்து போய்க்கொண்டிருந்தது.

"எனக்கு ஊசின்னா ஆகாது. நான் போன வைக்கத்தான் போனேன். இவதான் என் கையப் புடிச்சு, ஸ்பீக்கர்ல போடச் சைகை காட்டிக் கேட்டா. ஒரு சின்னப்புள்ள அடுத்தவ பொண்டாட்டி வேசம் போட்டுக் கெஞ்சுதுன்னா அங்க அந்தப் பையன் நெலம என்னவோன்னு நெனச்சு, வண்டிச் சாவிய எடுத்து என் கையில திணிச்சா."

மப்ளர் அம்மா பிஸ்கட்டை மென்று முடித்தார். மப்ளரைக் கொஞ்சம் இறக்கினார். எனக்கு மனப்பாடமான அந்தச் சாக்கு, நனைந்து கிழியமாட்டாமல், காற்றாக வெளியே வந்தது. "கொழம்புக்கு ஒத்துக்கிட்டது நீ. ஞாயித்துக்கிழம வெள்ளனே வந்து கோழிய நீ அடி, என் தம்பிகிட்ட பஸ் ஏறச் சொல்றதையும் நீயே சொல்லு."

"வெள்ளனே வந்துர்றேம்மா" என்றேன், என் சொந்த மூணாம் கிளாஸ் குரலில்.